வெயிலில் பார்த்த வீடு

ஏப்ரல், மே மாதங்களில் என் கைப்பேசி ஓயாது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வீடு விற்றுக் கொடுக்கும் தரகர்கள்தான் பெரும்பாலும் கூப்பிடுவார்கள். "சார், பார்ட்டி கோயம்புத்தூர்ல இருந்து வந்திருக்காங்க. அட்வான்ஸ் கையிலயே இருக்கு. ஒரு எட்டு வந்து பார்த்துட்டு, பில்டிங் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க." 25 வருடத்துக்கும் மேலாக இந்த மலையில் சிவில் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். என் வார்த்தையை நம்பிப் பலர் சேமிப்பை எல்லாம் கொட்டி வீடு வாங்கியிருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2009 மே மாதம் கேத்தி பள்ளத்தாக்கில் ஒரு வீட்டைப் பார்த்தேன். சுவரில் விரிசல் இல்லை. மேல்தளம் ஒழுகிய அடையாளம் இல்லை. தூண்களைத் தட்டிப் பார்த்தால் கணீர் என்றது. "தாராளமா வாங்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருந்த மேட்டில் நான் ஏறவில்லை.

அந்த ஆண்டு நவம்பர் 10-ம் தேதி கேத்தியில் பதிவான ஒரு நாள் மழை 820 மில்லிமீட்டர். அந்தச் சில நாட்களில் நீலகிரியில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் நல்ல வீடு என்று சொன்ன வீட்டின் பின்சுவர் சமையலறைக்குள் விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் முன்னறையில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார்கள். மழை விட்ட பிறகு போய் மேட்டில் ஏறிப் பார்த்தேன். மேலே இருந்த கேரட் தோட்டத்தின் வாய்க்கால் தூர்ந்து போய், தண்ணீர் முழுவதும் அந்தச் சரிவுக்குள்ளேயே இறங்கியிருந்தது. வாய்க்காலில் புல் முளைத்து வேர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அது பல மாதங்களாக அடைபட்டுக் கிடந்திருக்கிறது. மே மாதத்தில் பத்து நிமிடம் நடந்திருந்தால் என் கண்ணிலேயே பட்டிருக்கும்.

தரகு வேலை செய்யும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு வீட்டுக்கு ஒரு தடவை போகிறேன். நீங்கள் ஒவ்வொரு பார்ட்டியோடும் பத்துத் தடவை போகிறீர்கள். மழையிலும் பனியிலும் அந்த வீட்டைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான். இன்ஜினியரிங் படிக்காத கண்ணுக்கும் தெரிகிற விஷயங்களைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குள் போவதற்கு முன்னால் மேட்டுப் பக்கம் ஏறுங்கள். நம் மலையின் அடிப்பாறை சார்னகைட் என்ற கடினமான பாறை. ஆனால் அதன் மேல் பல இடங்களில் ஆழமாகச் சிதைந்த களிமண் போர்வை கிடக்கிறது. காய்ந்திருக்கும்போது அந்த மண்ணைக் கடப்பாறையால் குத்தினாலும் லேசில் இறங்காது. நாள்கணக்கில் மழை இறங்கி, மண்ணுக்குள் இருக்கும் இடைவெளி எல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால், துகளும் துகளும் பிடித்துக்கொண்டிருந்த பிடி தளர்ந்துவிடும். எடையும் கூடிவிடும். அப்போது சரிவு தன் பாரத்தாலேயே இறங்கும். எனவே மேலே தண்ணீர் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, வாய்க்கால் திறந்திருக்கிறதா, பக்கத்துக்காரர் புதிதாக ஜேசிபி வைத்து மண் வெட்டியிருக்கிறாரா என்பதுதான் முதல் பார்வை. சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் ஒன்றிரண்டு சாய்ந்தால் அது காற்றின் வேலையாக இருக்கலாம். வரிசையாக எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நிலம் மெதுவாக நகர்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது தடுப்புச் சுவர். உயரமாக, கருங்கல்லில், பார்க்கவே திடமாக இருக்கும். அதில் தண்ணீர் வடிவதற்கான குழாய்த் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துளையே இல்லாத சுவர் மண்ணோடு சேர்த்துத் தண்ணீரையும் தாங்கி நிற்கிறது. அதற்காகக் கட்டப்பட்ட சுவர் இல்லை அது. துளை இருந்தும் சுற்றிலும் பாசியோ ஈரக் கறையோ துளிகூட இல்லை என்றால், பின்னால் அடைத்துக்கொண்டிருக்கலாம். சுவரின் நடுவில் வயிறு தள்ளியது போல் புடைப்பு தெரிந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு ஒரு இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

மலையில் மனை என்பது பெரும்பாலும் ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டி நிரப்பிய சமதளம்தான். வீட்டின் பாதி வெட்டிய கெட்டி நிலத்திலும் மீதி கொட்டிய மண்ணிலும் நின்றால், கொட்டிய பக்கம் இறங்கும். நடுவில் விரிசல் விழும். கதவு ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிளம்பும் விரிசல், செங்கல் கட்டில் படிக்கட்டுப் போல் ஏறும் விரிசல், மூட முடியாமல் இழுக்கிற கதவு, இவையெல்லாம் அதைத்தான் சொல்கின்றன. விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று தெரிய ஒரு எளிய வழி உண்டு. விரிசலின் குறுக்கே கொஞ்சம் சுண்ணாம்போ சிமெண்டோ மெல்லிசாகப் பூசி, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போகும்போது அந்தப் பூச்சு வெடித்திருந்தால் வீடு இன்னும் அசைகிறது.

ஊட்டிப் பக்கம் சதுப்பை நிரப்பிப் போட்ட மனைகளும் இருக்கின்றன. சமமான நிலம் மலையில் மலிவாகக் கிடைத்தால், அது ஏன் சமமாக இருக்கிறது என்று கேளுங்கள். கேட்க வேண்டியவர்கள் பக்கத்து லைன் வீட்டில் இருக்கும் வயதானவர்கள். கோத்தகிரி பக்கம் ஒரு முறை கேட்டேன்: "அம்மா, அடைமழைக்கு இந்தப் பக்கம் தண்ணி எப்படிம்மா போகும்?" கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பாட்டி கையைக்கூட நிறுத்தாமல் சொன்னார்: "அந்தக் கல்லு வரைக்கும் வரும் தம்பி. நாங்க அந்தப் பக்கம் மாட்டைக்கூடக் கட்ட மாட்டோம்." அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம்தான் விற்பனைக்கு வந்த வீட்டின் படுக்கையறை இருந்தது.

பேரிடர் அபாயம் உள்ளவை என்று நீலகிரி மாவட்ட நிர்வாகம் 283 இடங்களை அடையாளம் கண்டிருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு வாய்ப்பு வரைபடங்களை இணையத்தில் பார்க்கலாம். இரண்டையும் பார்ப்பது அரை மணி நேர வேலை. அப்புறம் மாதக் கணக்கும் முக்கியம். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை, அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 820, மறுநாள் 911 மில்லிமீட்டர் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். சீசனில் மட்டும் வீட்டைக் காட்டினால், வீட்டின் ஒரு முகத்தை மட்டும்தான் காட்டுகிறோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். புது பெயின்ட் வாடைக்கு அடியில் பூஞ்சை வாடை வருகிறதா? அலமாரியைத் திறந்து பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள். மேட்டை ஒட்டிய சுவரில் பேஸ்மட்டத்துக்கு மேல் ஒரு அடிக்கு மட்டும் புதுப் பூச்சு இருந்தால் காரணம் கேளுங்கள். பழைய ஓட்டு வீடு என்றால் மச்சில் ஏறி, கைமரத்தின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உளுத்த மரம் அங்கேதான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

இனி நான் அதிகம் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி மூட்டித் தூங்கியவர்கள் விடியும்போது எழுந்திருக்கவில்லை என்ற செய்தி ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ வந்துகொண்டே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தூக்கம். கீழிருந்து வந்த விருந்தாளி அதை மலைப்பாதை வளைவுகளில் வந்த தலைசுற்றல் என்று நினைத்துப் படுத்துவிடுவார். நாம் விற்கும் வீடுகளில் எத்தனையோ வீடுகள் ஹோம்ஸ்டே ஆகின்றன. "சார், ஃபயர் பிளேஸ் இருக்கு" என்று பெருமையாகக் காட்டும் முன், அதன் புகைபோக்கி மேலே திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குரங்கு இறங்காமல் இருக்கத் தகடு போட்டு மூடிய புகைபோக்கிகளையும், பறவைக் கூட்டால் அடைத்த புகைபோக்கிகளையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேஸ் கெய்சர் குளியலறைக்குள் இருந்து, காற்று வரும் வென்டிலேட்டரைக் குளிருக்காக அட்டை வைத்து அடைத்திருந்தால் அதுவும் இதே ஆபத்துதான். கெய்சரை வெளியே மாற்றாமல் அந்த வீட்டை யாருக்கும் வாடகைக்குக்கூடக் காட்டாதீர்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை நம் ஊரில் எங்கும் இருக்கிறது. இன்னும் விற்பனையிலும் இருக்கிறது. உடையாத ஷீட் சும்மா கிடந்தால் ஆபத்து குறைவு. நம் ஊர்ப் பழக்கம்தான் சிக்கல். ஒவ்வொரு கோடையிலும் கம்பி பிரஷ் வைத்துப் பாசியைச் சுரண்டி பெயின்ட் அடிப்போம். அப்படிச் சுரண்டும்போது கண்ணுக்குத் தெரியாத நார்கள் பறந்து நுரையீரலுக்குள் போகும். அதனால் வரும் புற்றுநோய் 20, 30, 40 வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். விற்பனைக்காக வீட்டைப் பளிச்சென்று ஆக்கச் சொல்வது நாம்தான். அந்தக் கூரையை மட்டும் சுரண்டவோ துளை போடவோ சொல்லாதீர்கள். மாற்றுவதென்றால் நனைத்து, உடைக்காமல் முழு ஷீட்டாக இறக்கச் சொல்லுங்கள்.

பழைய பங்களாக்களின் ஜன்னல் கதவுகளில் அடுக்கடுக்காக இருக்கும் பெயின்டும் இதே மாதிரிதான். இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்தவற்றில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி தரையில் படியும். தவழும் குழந்தை அதைத் தொட்டு வாயில் வைக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை விற்கும்போது தெரிந்த ஈயப் பெயின்ட் விவரத்தை வாங்குபவரிடம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதில் ஏஜென்டுக்கும் பொறுப்பு உண்டு.

தண்ணீர் விஷயத்தில், "நேச்சுரல் ஊத்துத் தண்ணி சார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். ஊற்றுக்கு மேலே யாருடைய செப்டிக் டேங்க் இருக்கிறது, தேயிலைத் தோட்டத்தில் மருந்து கலக்கும் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதிக்கலாம். மழைக்காலத்தில் எடுத்த மாதிரிதான் உண்மையைச் சொல்லும். இந்த வீட்டின் உறிஞ்சு குழி சரிவின் விளிம்பில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அது தன் பங்குக்கு வருடம் முழுவதும் சரிவை நனைத்துக்கொண்டிருக்கும்.

நிலத்துக்கு ஒரு பழைய கதை இருக்கலாம். கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசம் மண்ணில் கலந்ததை நாடே பேசியது. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பழைய மெக்கானிக் ஷெட், மருந்து கிடங்கு, குப்பை கொட்டிய பள்ளம் ஆகியவற்றின் மேல் எழுந்த வீடுகள் உண்டு. முன்பு இங்கே என்ன இருந்தது என்று கேட்டுவிடுங்கள். ஹாக்கா என்று நாம் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழும அனுமதி, முதுமலையை ஒட்டிய சீகூர் பக்கம் யானை வழித்தடம் பற்றிய 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, உரிமைச் சிக்கல் உள்ள கூடலூர் ஜென்ம நிலம், இவற்றை வக்கீலிடம் விட்டுவிடலாம். ஆனால் கேட்க வேண்டும் என்று பார்ட்டிக்கு ஞாபகப்படுத்துவது நம் வேலை.

"இதையெல்லாம் சொன்னா வியாபாரம் நடக்குமா அண்ணே?" என்று ஒரு இளைய தரகர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் தெரிந்தே மறைக்கக் கூடாது என்கிறது. அதை விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடச் சொன்னேன்.

போன அக்டோபரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அந்த இளைய தரகரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நின்று எடுத்திருக்கிறார். காட்டாறு மாதிரி வந்த தண்ணீர் வாய்க்காலைத் தாண்டித் தடுப்புச் சுவருக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவருக்கும் அதையே அனுப்பியிருந்தார். வாய்க்காலை மேலே திருப்பிவிடவும் சுவரில் புதிதாக வடிகுழாய் வைக்கவும் ஆகும் செலவை நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தொகையை விற்பவர் விலையில் குறைத்துக்கொண்டார். ஜனவரியில் பத்திரம் பதிவானது.