வரி உறைவு: ‘டாக்ஸ் ரெசிடென்ஸி’க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வேலைக்காகத் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கிளம்புகிறவர்கள் வரி பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “என்னிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். அப்படியென்றால் நான் ரெசிடென்ட்தானே?” பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வரிச் சட்டத்தில் ‘ரெசிடென்ட்’ என்றால், வெளிநாட்டில் சம்பாதிப்பதையும் பொதுவாக இந்திய வரிக்கணக்கில் காட்ட வேண்டியவர். அவர் யார் என்று தெரிய, இந்தியாவில் இருந்த நாட்களை எண்ண வேண்டும். இந்தக் குழப்பத்தில் நாம் புழங்கும் தமிழ்ச் சொற்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

‘ரெசிடென்ட்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே ‘செதேரே’ என்றால் உட்கார்தல். அதன் முன்னால் ‘ரெ’ சேர்ந்து ‘ரெசிதேரே’ ஆகும்போது, ஓரிடத்தில் அமர்ந்து தங்கிவிடுதல் என்ற பொருள் வருகிறது. பாத்திரத்தின் அடியில் தங்கும் எச்சத்தைக் குறிக்கும் ‘ரெசிட்யூ’வும் இதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் இதற்கு ஈடாக ஒரு வினை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது: உறைதல். ‘வானுறையும் தெய்வம்’ என்று குறள் சொல்லும்போது அது தங்குதலைக் குறிக்கிறது. உறைமோர் ஊற்றி வைத்த பால் இரவில் உறைகிறது என்கிறோமே, அங்கேயும் அசைவது நின்று ஓரிடத்தில் படிவதுதான் பொருள். லத்தீன் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இப்படி ஒரே காட்சியைக் காட்டுவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதனால் ‘டாக்ஸ் ரெசிடென்ஸி’யை வரி உறைவு என்றும், ஆளை உறைபவர், உறையாதவர் என்றும் சொல்லலாம் என்பது என் கருத்து. இலங்கையில் ‘வதிவிடம்’, ‘வதிவிட வீசா’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்கள். வதிதலும் தங்குதலைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்தான். அங்கே உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்வது நல்லது.

‘குடி’ என்று தொடங்கும் சொற்களை மட்டும் இங்கே தவிர்க்கச் சொல்வேன். குடியிருப்பவர், குடியுரிமை, குடிமகன் எல்லாம் காதுக்கு ஒரே குடும்பமாகக் கேட்கின்றன. குடியுரிமை வருடா வருடம் மாறாது. வரி உறைவு மாறக்கூடியது. ‘வெளிநாடு வாழ் இந்தியர்’ என்ற தொடரிலும் இதே சிக்கல்தான். ‘வாழ்’ என்றதும் அது ஒருவருடைய நிரந்தர அடையாளம்போல ஒலிக்கிறது. சட்டம் கேட்பதோ ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான ஒரே ஓர் ஆண்டைப் பற்றி. சிங்கப்பூரில் ‘நிரந்தரவாசி’ என்பது குடிநுழைவுத் தகுதி. அதுவும் வரி உறைவும் ஒன்றல்ல.

சரி, கணக்கைப் பார்ப்போம். ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் உறைபவர். அந்த ஆண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இருந்திருந்தாலும் உறைபவர்தான். ஆனால் இந்தியக் குடிமகன் ஒருவர் வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்பும் ஆண்டில் இந்த 60 நாள் விதி பொருந்தாது, 182 மட்டுமே. ஏப்ரல் 1 முதல் எண்ணினால் செப்டம்பர் 28 வரை 181 நாட்கள். அன்றைக்கு விமானம் ஏறி, மார்ச் 31 வரை ஊர்ப்பக்கம் வராதவர் அந்த ஆண்டு முழுவதும் உறையாதவர். அக்டோபர் 10 வரை தள்ளிப்போட்டவருக்கு 193 நாட்கள் ஆகிவிடும். அவர் மார்ச் வரை துபாயில் வாங்கும் சம்பளமும் இந்திய வரிக்கணக்குக்குள் வந்துவிடும். நம் சட்டத்தில் ஆண்டைப் பாதியாக வெட்டி, ‘இதுவரை உறைபவர், இனி உறையாதவர்’ என்று பிரிக்க வழியில்லை. ஆஃபர் லெட்டரில் சேரும் தேதியைப் போடும் முன் இதைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வந்திருக்கிறது. அதிலும் 182 நாள் அளவு தொடர்கிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. இந்தியாவில் கிடைக்கும் வாடகை, வட்டி போன்ற வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டினால், 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத் திருத்தத்தின்படி அவர்களுக்கு 182க்குப் பதில் 120 நாட்களே வரம்பு; முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாட்கள் என்ற நிபந்தனையும் இதனுடன் சேர வேண்டும். அதே திருத்தத்தில் இன்னொன்றும் வந்தது. இத்தகைய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகன், இங்கே ஒரு நாள்கூடத் தங்காவிட்டாலும் உறைபவராகவே கருதப்படுவார். குடியுரிமைக்கு இந்தக் கணக்கில் வேலை வருவது இப்படிச் சில இடங்களில்தான்.

வங்கி கேட்கும் ‘ரெசிடென்ட்’ வேறு. அது 1999ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் சொல். அங்கே போகிற நோக்கம் முக்கியம். வேலைக்கென்று கிளம்பியவர் கிளம்பிய நாளிலிருந்தே உறையாதவர். சாதாரண சேமிப்புக் கணக்கை, உறையாதவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்வது இதனால்தான். ஆக, அக்டோபர் 10 அன்று கிளம்பிய அதே ஆள் வங்கிக்கு உறையாதவர், வரித்துறைக்கு உறைபவர். ‘வரி உறைவு’ என்று முன்னால் ‘வரி’யைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

திரும்பி வருகிறவர்களுக்கு இடைநிலை ஒன்று இருக்கிறது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் உறையாதவராக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்தது 729 நாட்களுக்கு மிகாவிட்டாலோ, அவர் ‘வழக்கமாக உறையாதவர்’. வெளிநாட்டில் கிடைக்கும் வட்டிக்கும் வாடகைக்கும் அந்தக் காலத்தில் பொதுவாக இங்கே வரி கிடையாது. ‘வழக்கமாக’ என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. விட்டால் அவர் உறையாதவர் ஆகிவிடுவார், பொருளே மாறிப்போகும்.

அப்புறம், இரண்டு நாடுகளும் ‘நீ எங்கள் உறைபவர்’ என்று சொன்னால்? இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களில் இதற்கென்று ஒரு வரிசை உண்டு. நிலையான வீடு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்பார்கள். இரண்டு நாட்டிலும் வீடு இருந்தால், குடும்பமும் பொருளாதார உறவுகளும் எங்கே நெருக்கமாக இருக்கின்றன என்று பார்ப்பார்கள். அதுவும் தீர்க்காவிட்டால், வழக்கமாகத் தங்குவது எங்கே என்ற கேள்வி. குடியுரிமை இந்த வரிசையில் நான்காவதாகத்தான் வருகிறது. அதற்கும் பிறகே இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிவெடுப்பார்கள்.