லயம்: தட்டிலா, தட்டுக்கு நடுவிலா?

லயம் என்பது பாட்டிலும் வாத்தியத்திலும் காலம் சீராக ஓடும் தன்மை. வேர் சமஸ்கிருதம். ல எழுத்தில் தொடங்காத தமிழ் மரபுப்படி எழுதினால் இலயம். இலங்கை மலையகத்தில் தோட்ட வீட்டு வரிசையை லயம் என்பார்கள். அது ஆங்கில 'லைன்' வழியாக வந்த வேறு சொல்.

மொரீசியஸில் மிருதங்கம் கற்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறவர்கள். லயம் என்றால் என்ன என்று கேட்டால் 'ரித்ம்' என்பார்கள். தாளம் என்றால் என்ன என்று கேட்டாலும் 'ரித்ம்' தான். குறை பிள்ளைகளிடம் இல்லை, தமிழ் மேடைகளிலேயே இரண்டையும் ஒன்றாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் லய ஞானம் வளர வேண்டுமானால் இரண்டையும் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தாளம் ஒரு கணக்கு. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் (கையால் எண்ணும் ஒரு அளவு), ரூபகத்துக்கு ஆறு என்று கையால் போட்டுக் காட்டலாம். லயத்தை அப்படிக் காட்ட முடியாது. 'லீ' என்ற வேருக்கு ஒட்டுதல், கரைதல் என்று பொருள். பாட்டில் லயித்துப் போனேன் என்கிறோமே, அதுவும் பிரளயமும் இந்த வேரில் பிறந்தவைதான். அமரகோசம் என்ற சமஸ்கிருத நிகண்டு தாளத்தைக் காலத்தையும் செயலையும் அளக்கும் அளவு என்கிறது. லயத்தைச் சமநிலை என்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் இன்னும் நுட்பமாகச் சொல்கிறது: ஒரு செயலுக்குப் பின் வரும் ஓய்வுதான் லயம். அந்த ஓய்வு குறுகினால் துரிதம், நீண்டால் விளம்பம், இடைப்பட்டது மத்திமம்.

இந்த இலக்கணம் எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் பயிற்சி எங்கே தேவை என்பதை அது நேராகக் காட்டிவிடுகிறது. தட்டு எல்லோருக்கும் விழும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே உள்ள இடத்தில்தான் ஆள் தடுமாறுவார்.

ஆதி தாளம் போடும் கையையே கவனியுங்கள். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. விரல் எண்ணும்போது கை அசைவு சிறியது, அதனால் அந்த மூன்று அட்சரமும் அவசரமாக ஓடும். வீச்சுக்குக் கை திரும்ப வேண்டும், அங்கே காலம் இழுக்கும். ஆவர்த்தனத்தின், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றின், முதல் பாதி ஓடி, பின் பாதி நொண்டுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். இதற்கு மருந்து, ஒவ்வொரு அட்சரத்துக்குள்ளும் 'த க தி மி' என்று வாய்விட்டுச் சொல்வது. விரலானாலும் வீச்சானாலும் நான்கு எழுத்துக்கும் இடம் கொடுத்தே ஆக வேண்டும். கை சீரான பிறகு 'த' மட்டும் வாயில், மற்ற மூன்றும் மனதில். மனதில் சொல்லும்போதும் அவை அதே அளவில் நிற்கின்றனவா என்பதுதான் உண்மையான சோதனை.

சீராகச் சொடுக்கி வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் உதவும். 1815இல் மேல்செல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவி இன்று எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது. ஆனால் அதை அட்சரத்துக்கு ஒரு சொடுக்காக வைத்தே பழகினால், நடுவில் உள்ள இடத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 60 சொடுக்கில் பழகிய பாடத்தை, வேகத்தை மாற்றாமல், கருவியை மட்டும் 30இல் வைத்து வாசியுங்கள். இரண்டு அட்சரத்துக்கு ஒரு சொடுக்குதான் கேட்கும். அதுவும் கைவந்தால் சொடுக்கை அட்சரத்தின் அரை இடத்தில் கேட்டுக்கொண்டு வாசியுங்கள். முதலில் சொடுக்கு உங்களை இழுத்துத் தட்டோடு சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். இழுபடாமல் நிற்கும் நாளில் காலப்பிரமாணம், அதாவது வேகத்தை மாறாமல் பிடிக்கும் அளவு, உங்களுடையதாகிவிடும்.

எங்கள் தீவில் பிள்ளைகளுக்கு இன்னொரு செல்வம் காதிலேயே இருக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த மொரீசியஸின் சேகா என்ற ஆடல் பாடலில், ஆட்டுத்தோல் கட்டிய ரவான் முரசைத் தீயில் வாட்டி முறுக்கேற்றி வாசிக்கிறார்கள். 6/8 கணக்கில் ஓடும் அந்த வாசிப்பில் ஆறு சிறு அடிகள் மூன்று மூன்றாகவும் கேட்கும், இரண்டு இரண்டாகவும் கேட்கும். தைப்பூசத்தில் பாடும் காவடிச் சிந்துக்கும் பெரும்பாலும் அட்சரத்தை மூன்றாகப் பங்கிடும் திச்ர நடைதான். ஆகவே 'த கி ட' இந்தப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கையில் தாளத்தை மாற்றாமல் ஒரு ஆவர்த்தனம் 'த கி ட', அடுத்த ஆவர்த்தனம் 'த க தி மி' என்று மாறி மாறிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே இடத்தை மூன்றாகவும் நான்காகவும் பங்கிடும்போதுதான் அந்த இடத்தின் அளவு உடம்பில் பதியும். சேகா கேட்டால் கர்நாடக லயம் கெட்டுப்போகும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, லயத்துக்கும் 'ரிதம்' என்பதற்கும் தமிழில் என்ன சொல்லலாம்? சிலப்பதிகார அரங்கேற்று காதை பாணி, தூக்கு என்ற இரண்டு சொற்களைத் தருகிறது. அங்கே பாணி என்பது தாளம்; இன்று அது 'ஸ்டைல்' என்ற பொருளுக்குப் போய்விட்டதால் மீட்பது கடினம். கொட்டு, அசை, தூக்கு, அளவு என்ற பழைய கால அளவுகள் முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை. அசை, சீர், தூக்கு மூன்றும் தொல்காப்பியத்தில் செய்யுள் உறுப்புகளாகவும் வருகின்றன. பாட்டின் ஓசை ஓட்டத்துக்குத் தொல்காப்பியர் வைத்த பெயர் வண்ணம். சந்தம் பின்னால் வந்த வடசொல்.

நான் இப்படிப் பயன்படுத்துகிறேன். 'ரிதம்' என்று கிரேக்க வழிச் சொல்லால் ஒரு அடி அமைப்பைக் குறித்தால் தாளக்கட்டு. கவிதையில் என்றால் வண்ணம் அல்லது சந்தம். லயம் என்பதற்குச் சீர். ஒழுங்கு, சமநிலை, செய்யுளின் அளவு எல்லாம் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. "சீர் விடுகிறது, மறுபடி எடு" என்று சொன்னால் கிரியோல் பேசும் பிள்ளைக்கும் உடனே பிடிபடுகிறது. லய ஞானம் என்ற தொடரை மட்டும் நான் மாற்றுவதில்லை. அது வித்வான்கள் வாயில் ஊறிய சொல்.