ரொக்கமா கார் வாங்கினவருக்கு கிரெடிட் ஸ்கோர் ஏன் வரல?

எங்க சித்தப்பா ரிட்டயர் ஆனப்ப கைக்கு வந்த பணத்துல மொத்தமா கட்டி கார் எடுத்தாரு. வாழ்நாள்ல ஒரு கடன் வாங்கினது இல்ல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு அவசரத்துக்கு லோன் கேட்டுப் போனா, உங்க பேர்ல கிரெடிட் ஹிஸ்டரியே இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. "யாருக்கும் ஒரு பைசா பாக்கி வச்சதில்லடா, என்னை நம்பமாட்டேங்கறாங்களே"ன்னு அவர் சொன்னது ரொம்ப நாள் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

விஷயம் என்னன்னா, கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்கா கட்டுவீங்களான்னு கணிக்கற எண், உங்க சொத்த பாக்கறதே இல்ல. சம்பளம், பேங்க்ல கிடக்கற பணம், பேர்ல இருக்கற வீடு எதுவும் அந்தக் கணக்குக்குள்ள வராது. கடன் கொடுத்தவங்க மாசாமாசம் கிரெடிட் பீரோவுக்கு (எல்லாரோட கடன் விவரத்தையும் சேத்து வைக்கற நிறுவனம்) அனுப்பற தகவல்தான் அதுக்குத் தெரியும். ரொக்கமா வாங்கினா கடன் கொடுத்தவர்னே ஒருத்தர் கிடையாது, அப்புறம் யார் தகவல் அனுப்பறது? அதனால ரொக்கம் கொடுத்ததால ஸ்கோர் குறையாது, ஏறவும் ஏறாது.

1941லயே டேவிட் டுராண்ட்னு ஒருத்தர் தவணைக் கடன்களை நல்லா கட்டினது, கட்டாம போனதுன்னு பிரிச்சு வச்சு, ரெண்டு கூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்னு புள்ளியியல் வச்சு பாத்தாரு. 1956ல பில் ஃபேர்னு ஒரு இன்ஜினியரும் ஏர்ல் ஐசக்னு ஒரு கணிதக்காரரும் இதையே தொழிலா ஆரம்பிச்சாங்க, அமெரிக்காவுல அந்த கம்பெனியோட ஃபைகோ ஸ்கோர் 1989ல வந்துச்சு. அடுத்த 24 மாசத்துல இவர் ஏதாவது ஒரு கடன்ல 90 நாளோ அதுக்கு மேலயோ பாக்கி வைப்பாரா, அதுக்கு எவ்வளவு வாய்ப்பு, அவ்வளவுதான் அது சொல்ல வர்றது. நீங்க நல்லவரா கெட்டவரான்னு அதுக்குத் தெரியவே தெரியாது.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி ஸ்கோரை செய்யறவங்க பல பேர் ஒவ்வொரு 20 புள்ளிக்கும் விகிதம் ரெட்டிப்பாகற மாதிரி அளவுகோல் வைப்பாங்க. உதாரணத்துக்கு 600ல ஒழுங்கா கட்டறவங்க 30 பேருக்கு தவறுறவர் ஒருத்தர்னு வச்சுக்கிட்டா, 620ல 60க்கு ஒருத்தர், 640ல 120க்கு ஒருத்தர். பாக்க 40 புள்ளிதான், ஆனா ரிஸ்க் நாலுல ஒரு பங்கா சுருங்கிடுது, வட்டி ஏன் ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுதுன்னு இதுலேயே புரிஞ்சுடும்.

ஃபைகோவுல தவணை ஒழுங்கா கட்டறதுக்கு 35 சதவீதம், எவ்வளவு கடன் நிலுவையில இருக்குங்கறதுக்கு 30, கணக்கோட வயசுக்கு 15, புதுசா கடன் கேட்டதுக்கும் கடன் வகைக்கும் பத்து பத்து. இந்த 30லதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. கார்டு லிமிட் 1 லட்சம், 80 ஆயிரம் செலவு பண்ணிட்டு பில் வந்ததும் முழுசா கட்டிடறீங்க, வட்டி ஒண்ணும் இல்ல. ஆனா பெரும்பாலும் பீரோவுக்குப் போறது பில் போட்ட அன்னைக்கு இருந்த பாக்கி, அதனால 80 சதவீதம் உபயோகம்னுதான் பதிவாகும். பில் தேதிக்கு முன்னாடியே கொஞ்சம் கட்டிட்டா அது குறையும்.

சரி, ஸ்கோருக்காக கார் லோன் எடுக்கலாமா? கணக்கு போட்டு பாருங்க. 1 லட்சம் கடன், 9 சதவீதம், குறையும் நிலுவைக்கு வட்டி, 60 மாசம். இஎம்ஐ சுமார் 2,076. முதல் மாசம் அதுல 750 வட்டிக்கே போயிடும், மொத்த வட்டி கிட்டத்தட்ட 24,550. இதே ஆள் ஸ்கோர் கம்மியா இருந்து 14 சதவீதம்னா 39,600. அதே 9ஐ ஃபிளாட் ரேட்னு சொல்லி, அதாவது கட்டக் கட்டக் குறைக்காம கடைசி வரைக்கும் முழு 1 லட்சத்துக்கும் வட்டி போட்டு கொடுத்தா 45,000, அதாவது நிஜத்துல 15.7 சதவீதம் பக்கம், இந்த ஒரு வார்த்தைய கேக்காம கையெழுத்து போட்டுடாதீங்க. வெறும் ஸ்கோர் வளக்கறதுக்கு இவ்வளவு வட்டி ரொம்ப அதிகம்னுதான் நான் சொல்வேன், மாசாமாசம் முழுசா கட்டற ஒரு கார்டு வட்டியே இல்லாம அதே வேலைய பெரும்பாலும் செஞ்சுடும். ஆனா ரொக்கம் கட்டினா சேமிப்பு மொத்தமா காலியாயிடும்னா அது வேற கதை, அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தா அவசரத்துல கிடைக்கற கடன் கார் லோனை விட ரொம்ப வட்டி கேக்கும், அந்த நிலைமையில பாதி ரொக்கம் பாதி லோன்னு போறதுதான் சரி.

சித்தப்பா டெபாசிட்டை ஈடா வச்சு ஒரு சின்ன கார்டு வாங்கியிருக்காரு. ஃபைகோ மாதிரி ஸ்கோர் வரணும்னா ஒரு கணக்காவது 6 மாசம் பழசாகணும். அவருக்கு இது நாலாவது மாசம், பில் வர்றதுக்கு முன்னாடியே கட்டிடறாரு.