பணம் போட்டும் நகராத வட்டாரங்கள்

பின்தங்கிய வட்டாரத்துக்குத்தான் புதிய தொழில்நுட்பம் அதிகம் தேவை. ஆனால் அதற்கென்று வரும் நிதியைச் செலவழிக்கத் திணறுவதும் அதே வட்டாரம்தான். 2002-இல் மூன்று ஆய்வாளர்கள் இதற்கு ‘வட்டாரப் புதுமை முரண்’ என்று பெயர் வைத்தார்கள்.

காரணம் சோம்பல் அல்ல. ஆராய்ச்சி மானியம் கேட்க நிறுவனத்தில் ஒரு பொறியாளராவது வேண்டும். அவர் கலந்துபேசப் பக்கத்தில் ஓர் ஆய்வகம் வேண்டும். முதலாளியே கணக்கும் பார்த்து, சரக்கும் அனுப்பும் பட்டறையில் விண்ணப்பத்தை யார் எழுதுவது? வெளியே இருக்கும் அறிவைப் பயன்படுத்த உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் அறிவு சேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள் கோஹென், லெவின்தால் என்ற இரு ஆய்வாளர்கள், 1990-இல். நிறுவனங்களைப் பற்றி அவர்கள் சொன்னது வட்டாரங்களுக்கும் பொருந்துகிறது.

ஜெர்மனியின் ரூர் பகுதியின் சிக்கல் வேறு. அங்கே பணம் இருந்தது, பொறியாளர்களும் இருந்தார்கள். ஆனால் எல்லாமே நிலக்கரியையும் எஃகையும் சுற்றித்தான். ஆலைகளுக்கு இயந்திரம் செய்துகொடுத்த நிறுவனங்களுக்குப் பல பத்தாண்டுகளாக அதே வாடிக்கையாளர்கள். புதுச் சந்தை தேடும் பழக்கமோ, சொந்த ஆராய்ச்சியோ வளரவில்லை. ஆலைகள் சரிந்தபோது இவையும் ஆட்டம் கண்டன. இவ்வளவு பெரிய தொழிற்பகுதியில், போஹும் (Bochum) நகரப் பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியதே 1965-இல்தான்!

அப்புறம் கைகொடுத்தவற்றுள் ஒன்று, அந்தப் பகுதியின் அழுக்கு. புகை, நஞ்சேறிய நிலம், திறந்த சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆறு. இவற்றைச் சுத்தம் செய்யும் வேலை வந்தபோது பழைய நிறுவனங்கள் பல சுற்றுச்சூழல் தொழில்நுட்பத்துக்குத் திரும்பின. சுரங்கத் தண்ணீரை இறைத்தவர்களுக்கும் தூசியை வடிகட்டியவர்களுக்கும் அது அந்நியமான வேலை அல்லவே.

தெரிந்த தொழிலிலிருந்து பக்கத்துத் தொழிலுக்குத் தாவும் இந்த வழியைத்தான் ஐரோப்பிய ஒன்றியம் பின்னர் கொள்கையாக்கியது. 2014–2020 காலத்தில், வட்டார நிதியில் ஆராய்ச்சிக்கான பங்கு வேண்டுமென்றால் எந்தச் சில துறைகளில் கவனம் செலுத்தப்போகிறோம் என்று முதலில் சொல்லியாக வேண்டும். துறைகளைத் தொழில்முனைவோர், ஆய்வாளர்கள், அதிகாரிகள் கூடிப் பேசித் தேர்வுசெய்ய வேண்டும்.

சரி, ஒரே பெரிய ஆலையை நம்பியிருக்கும் ஊரில் அந்தக் கூட்டத்துக்கு யார் வருவார்கள்? ஆலைக்காரர்களும் அவர்களோடு பல காலம் பழகிய அதிகாரிகளும்தான். ரூரில் ஆலைகள், தொழிற்சங்கங்கள், அரசு மூன்றும் ஒத்துப்போனதே மாற்றத்தைத் தள்ளிப்போட்டது. புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கும் வெளியூர் ஆய்வாளருக்கும் நாற்காலி போடாத கூட்டம், பழைய துறையையே புதுப் பெயரில் எழுதி அனுப்பிவிடும்.