சைக்கிக்: துப்பறிவாளருக்குத் துணையா வர்றவருக்குத் தமிழ்ல என்ன பேரு?

சேலத்துல தெரிஞ்ச பசங்க சில பேரு சேர்ந்து ஒரு ஆடியோ கதை பண்றாங்க. கதை நடக்கறது 2150-ல, ஏற்காடு மலை மேல ஒருத்தன் வரிசையா கொலை பண்ணிட்டே போறான், அஸ்தம்பட்டில ஆபீஸ் போட்டிருக்கற ஒரு டிடெக்டிவ் அவனைத் தேடறாரு, அவருக்கு உதவிக்கு ஒரு சைக்கிக் பொண்ணு, அதாவது கண்ணுக்குத் தெரியாதத மனசாலயே தெரிஞ்சுக்கறவ, செத்தவங்க வெச்சிருந்த பொருளைக் கையில வாங்கினா போதும், கடைசியா அவங்க பாத்தது இந்தப் பொண்ணுக்குத் தெரியும். கதை நல்லா விறுவிறுப்பா இருக்கு. ஆனா கேட்டவங்கள்ல நெறைய பேரு அந்தப் பொண்ணுதான் கொலைகாரின்னு நெனச்சுட்டாங்க, ஏன்னா சைக்கிக்னு சொன்னது அவங்க காதுல சைக்கோன்னு விழுந்திருக்கு. அதனால இந்தச் சொல்லை எடுத்துப் பாத்துரலாம்.

சைக்கிக், சைக்கோ ரெண்டுக்கும் பாட்டி ஒண்ணுதான். கிரேக்கத்துல 'ப்சூகே'ன்னா மொதல்ல மூச்சு, அப்பறம் உயிர், அப்பறம் ஆன்மா, மனசு. பட்டாம்பூச்சிக்கும் அங்க அதே பேருதான். தமிழ்லயும் உயிர்த்தல்னா மூச்சு விடறது, உயிர்ப்புன்னா மூச்சு, ஆக இந்தப் பொருள் நமக்குப் புதுசில்ல. இங்கிலீஷ்ல 19-ம் நூற்றாண்டுல ஆவி, மனசக்தின்னு பேச்சு ஜாஸ்தியானப்ப அந்த வேர்ல இருந்து புதுசு புதுசா வார்த்தை மொளச்சுது. பொருளைத் தொட்டு அதோட கதையச் சொல்றதுக்கு சைக்கோமெட்ரின்னு 1842-ல அமெரிக்கால ஜோசப் புக்கானன் பேரு வெச்சாரு, நம்ம பசங்க கதைல வர்ற வித்தை அதேதான். 1882-ல லண்டன்ல இதையெல்லாம் ஆராய ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க, அதே வருஷம் அதுல இருந்த ஃப்ரெடரிக் மையர்ஸ், பேசாமலே மனசுக்கு மனசு சேதி போறதுக்கு டெலிபதிங்கற சொல்ல உண்டாக்கினாரு. அப்பறம் அமெரிக்கால டியூக் யுனிவர்சிட்டில ரைன்ங்கற ஆராய்ச்சியாளர் 25 சீட்டு, அஞ்சு வகைப் படம்னு ஒரு கட்டு வெச்சு யாரு கண்ணுல படாத சீட்ட சரியா சொல்றாங்கன்னு சோதிச்சாரு, குருட்டாம்போக்குல சொன்னாலே சராசரியா அஞ்சு சரியா வரும், அதுக்கு மேல வந்தாத்தான் யோசிக்கணும். 1934-ல அத புத்தகமா போட்டாரு, ஆனா மத்தவங்க கட்டுப்பாடோட திரும்பச் செஞ்சப்ப அந்த ரிசல்ட் நிக்கல. அமெரிக்க அரசே உளவு வேலைக்கு இந்த மாதிரி ஆளுங்கள வெச்சு ரொம்ப காலம் ஒரு திட்டம் நடத்திட்டு, பிரயோஜனம் இல்லன்னு 1995-ல மூடுச்சு.

சைக்கோ விஷயத்துல எனக்கு நெஜமாவே வருத்தம் இருக்கு. நம்ம பேப்பர்லயும் டிவிலயும் 'சைக்கோ கொலையாளி'ன்னு போட்டுப் போட்டு அது ஒரே வார்த்தை மாதிரி ஒட்டிக்கிச்சு. சைக்கோசிஸ்ங்கறது ஒரு மனநோய், இல்லாத குரல் கேக்கும், யாரோ நம்மள பின்தொடர்ற மாதிரி தோணும், மருந்து எடுத்தா கட்டுக்குள்ள வர்றவங்க எத்தனையோ பேரு. அந்த நோய் இருக்கறவங்கள்ல ஆகப் பெரும்பாலானவங்க யாரையும் தொடக்கூட மாட்டாங்க. தொடர்ந்து கொலை பண்றவனோ பெரும்பாலும் தெளிவான புத்தியோட, மாட்டிக்கக் கூடாதுன்னு கணக்குப் போட்டு செய்றவன். அவன் பேரைக் கொண்டுபோய் நோயாளிங்க மேல ஒட்டறது பெரிய அநியாயம். தமிழ்ல 'தொடர் கொலையாளி'ன்னு அருமையான சொல்லு இருக்கறப்ப அந்தப் பட்டம் எதுக்கு?

இந்தத் 'தொடர்' ரொம்பப் பொருத்தமா வந்து விழுந்த சொல்லு. 1930-ல பெர்லின் போலீஸ் அதிகாரி எர்ன்ஸ்ட் கென்னாட், டுசல்டார்ஃப்ல நடந்த கொலைகளப் பத்தி எழுதறப்பவே ஜெர்மன்ல இதே பொருள்ல ஒரு சொல்லப் போட்டுட்டாரு. இங்கிலீஷ்ல 1970-கள்ல அமெரிக்காவோட புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.ல இருந்த ராபர்ட் ரெஸ்லர் அதப் பரப்பினாரு, அவரு மனசுல இருந்தது சின்ன வயசுல தியேட்டர்ல வாரா வாரம் 'அடுத்து என்ன'ன்னு நிறுத்திட்டுப் போற சீரியல் படங்க. நம்ம வீட்ல ராத்திரி ஓடற சீரியலும் தொடர்தான், சங்கிலிக்கும் தொடர்னுதான் பேரு, பின்னால போறதும் தொடர்றதுதான். எத்தனை கொலைன்னா தொடர்? வேற வேற சமயத்துல ரெண்டு பேர ஒரே ஆளு கொன்னாலே போதும்னு எஃப்.பி.ஐ. 2005-ல கூட்டம் போட்டு முடிவு பண்ணுச்சு.

டிடெக்டிவ்னா லத்தீன்ல மூடியிருக்கறத எடுக்கறவன்னு பொருள். நம்ம துப்பறிவாளர் அதவிட ஆழம். துப்புக்குப் பழைய தமிழ்ல வலிமை, பவளம்னெல்லாம் பொருள் இருக்கு, 'துப்பார்க்குத் துப்பாய'ன்னு மழையப் பத்தின குறள்ல உணவுன்னு வருது. 'அவனுக்குத் துப்பில்ல'ன்னு நாம இன்னைக்கும் திட்டறது அந்த வலிமைதான். அடையாளம், தடம்ங்கற பொருள்தான் இங்க வேண்டியது, அதோட அறிவு சேந்து துப்பறிவு. (ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய சினிமா ஸ்டுடியோவோட அலங்கார வளைவத் தாண்டிப் போறவங்களுக்குச் சொல்றேன், 1960-கள்ல ஜெய்சங்கர வெச்சு துப்பறியும் படங்களா எடுத்துத் தள்ளினது அந்த இடம்தான், அதனால இந்தச் சொல்லு நம்ம ஊர்க்காரங்களுக்கு ரொம்ப நெருக்கம்.)

சரி, சைக்கிக்குக்கு வருவோம். ஜோசியர்னா கட்டம் பாக்கறவரு, மந்திரவாதின்னா ஏவல் பில்லி. ஆடி மாசம் மாரியம்மன் திருவிழால அருள் வந்து வாக்கு சொல்றாங்களே, அங்க பேசறது சாமி, அந்த ஆளு இல்ல, அதனால அருள்வாக்குங்கறதும் சரிப்படாது. கிட்ட வர்றது மை பாக்கறது. நகை காணாம போனா வெத்தலைல மை தடவி, விளக்கு வெளிச்சத்துல சின்னப் பசங்க கையில குடுத்து 'உள்ள யாரு வர்றா, என்ன சட்டை, எந்தப் பக்கம் திரும்பறான்'னு ஒவ்வொண்ணா கேப்பாங்க, புள்ள கண்ண இடுக்கிக்கிட்டு சொல்லச் சொல்ல சுத்தி இருக்கறவங்க முகம் மாறும். அதுவும் குற்றவாளியத் தேடறதுதான். ஆனா அது சடங்கோட பேரு, ஆளோட பேரு இல்ல. முக்காலமும் தெரிஞ்ச ஆளுன்னா தொல்காப்பியத்துல 'மூவகைக் காலமும் நெறியின் ஆற்றிய அறிவன்'னு வருது, நடக்கப்போறத முன்கூட்டியே சொல்ற கேரக்டர் எழுதினா 'அறிவன்'னே தாராளமா வெக்கலாம்.

அடுத்தவங்க மனசுல இருக்கறதத் தெரிஞ்சுக்கற ஆளுக்கு, என்னக் கேட்டா, வள்ளுவர் கையாலயே பேரு வாங்கிக் குடுத்துரலாம். 71-வது அதிகாரம் குறிப்பறிதல். 'கூறாமை நோக்கிக் குறிப்பறிவான்'னு மொதல் குறள்லயே ஆளு வந்துடறாரு, வாயத் தெறக்காமலே உள்ள இருக்கறதத் தெரிஞ்சுக்கறவரு. அடுத்த குறள் 'ஐயப் படாஅது அகத்தது உணர்வானைத் தெய்வத்தோ டொப்பக் கொளல்'. அதுக்கடுத்தது, இப்பிடி ஒரு ஆளு கெடச்சா எதக் குடுத்தாவது கூட வெச்சுக்கோங்குது. துப்பறிவாளர் பக்கத்துல 'குறிப்பறிவாளர்'னு வெச்சுப் பாருங்க, ஒரே அச்சுல வாத்த மாதிரி நிக்குது. அந்த அதிகாரத்துலயே 'கடுத்தது காட்டும் முகம்'னு வருதே, அவரு சொன்னது முகம் பாத்துக் கண்டுபிடிக்கறதத்தானேன்னு கேட்டா நியாயமான கேள்விதான், பெரும்பாலும் அதத்தான் சொல்றாரு. ஆனா குறிங்கற வேர் அடையாளம், இலக்கு, குறி சொல்றதுன்னு எல்லாத்தையும் தாங்கும், அதனால முகம் பாத்தாலும் சரி, செத்தவங்க வாட்ச்சத் தொட்டுப் பாத்தாலும் சரி, சொல்லு கிழியாது.

அந்த ஆளு சொல்றத எவ்வளவு நம்பறதுங்கறதுக்கும் குறள்ல உளவு பத்தின ஒற்றாடல் அதிகாரத்துல வழி இருக்கு, 'ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்', ஒருத்தர் கொண்டு வந்ததயும் இன்னொருத்தர வெச்சு சரிபாத்துக்கணும். நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2010-ல செல்வி வழக்குல கிட்டத்தட்ட அதே எடத்துக்குத்தான் வந்துச்சு. சம்மதம் இல்லாம நார்கோ (மருந்து குடுத்து அரை மயக்கத்துல பேச வெக்கறது), மூளை மேப்பிங் (மூளை அலைய அளந்து பாக்கறது), பொய் கண்டறியற டெஸ்ட் எதுவும் பண்ணக் கூடாது, சம்மதிச்சுப் பண்ணினாலும் டெஸ்ட்ல வந்தது மட்டும் சாட்சியா நிக்காது, ஆனா அத வெச்சுத் தேடிப்போயி ஒரு பொருள் கெடச்சா அத கோர்ட்ல காட்டலாம்னு தீர்ப்பு. அப்ப 2150-லயும் அந்தப் பொண்ணு சொல்றது ஆதாரம் ஆகாது. அவ காட்டின எடத்துல, ஏற்காட்டுல லேடீஸ் சீட்டுங்கற மலை முனைக்குக் கீழ இருக்கற காட்டுல கத்தியத் தோண்டி எடுத்தாத்தான் கேஸ் நிக்கும். அதனால தம்பிங்களா, மூணாவது எபிசோட்ல 'சைக்கிக் கொடுத்த ஆதாரம்'னு வர்ற எடத்த எல்லாம் 'குறிப்பறிவாளர் குடுத்த துப்பு'ன்னு மாத்திடுங்க.