நாலரை ரூபாய் டிக்கெட்டும் ஏரியன் ராக்கெட்டும்

சில வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் பஸ் டிக்கெட் முன்பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். வெளியிட்ட அன்று காலை ஒரு பயணி 450 ரூபாய் டிக்கெட் எடுத்தார். அவர் கணக்கிலிருந்து போனது நாலரை ரூபாய். பணம் வாங்கித் தரும் கேட்வே, தொகையைப் பைசாக் கணக்கில் எதிர்பார்க்கும். நாங்கள் அனுப்பிய 450-ஐ அது 450 பைசா என்று எடுத்துக்கொண்டது. பணத்தைச் சரிசெய்துவிட்டோம். ஆனால் ஒன்று மட்டும் பல நாள் உறுத்திக்கொண்டே இருந்தது: எங்கள் சோதனைகள் அன்றைக்கும் ஒன்றுவிடாமல் பச்சை காட்டின.

அது எப்படி என்று சொல்ல, யூனிட் டெஸ்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். தமிழில் அலகுச் சோதனை. மென்பொருளில் ஒரு சின்னத் துண்டை, பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்யும் ஒரே ஒரு ஃபங்ஷனை, தனியே எடுத்துச் சோதிப்பது. இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று டெவலப்பரே அதையும் புரோகிராமாக எழுதிவைப்பார். மென்பொருளில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சோதனைகள் தானாக ஓடும். விடை பொருந்தினால் பச்சை, பிசகினால் சிவப்பு. ஜாவா என்ற கணினி மொழியில் எழுதுகிறவர்களிடம் இந்தப் பழக்கத்தைப் பரப்பிய ஜேயூனிட் என்ற கருவியை, கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-இல் சூரிச்சிலிருந்து அட்லான்டா போகும் விமானத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்கள்.

வரியைக் கூட்டிச் சொல்லும் ஃபங்ஷன் என்றால் சோதிப்பது சுலபம். முன்பதிவு அப்படி இல்லை. இருக்கையைப் பிடித்துவைக்க டேட்டாபேஸ் வேண்டும், பணத்துக்கு கேட்வே வேண்டும், கடைசியில் ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் இவர்களையெல்லாம் கூப்பிட்டால் நேரம் போகும்; நெட் படுத்தால் சோதனையும் படுத்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, நாம் கேட்கும் நேரத்தில் நிஜ கேட்வே தகராறு செய்யாது. 'கார்டு மறுக்கப்பட்டது' என்ற பதிலை அதனிடமிருந்து நினைத்தபோதெல்லாம் வாங்க முடியாது.

அதற்குத்தான் டூப், நிஜ கேட்வேயின் இடத்தில் நாமே எழுதி வைக்கும் போலி. சினிமாவில் ஹீரோ மாடியிலிருந்து குதிக்கும்போது அதே சட்டையில் வேறொருவர் குதிப்பாரே, அதே டூப்தான். ஜெரார்ட் மெஸாரோஸ் 2007-இல் எழுதிய புத்தகத்தில் இதற்கு 'டெஸ்ட் டபுள்' என்று பொதுப்பெயர் வைத்ததும் அந்த ஸ்டன்ட் டூப்பை மனதில் வைத்துத்தான்.

எங்கள் சோதனை ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். 12-ஆம் எண் இருக்கையை ஒருவர் எடுக்கிறார். கேட்வேயின் டூப்பிடம், 'யார் எவ்வளவு கேட்டாலும் கார்டு மறுக்கப்பட்டது என்று சொல்' என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். முன்பதிவு ஃபங்ஷனை ஓடவிடுகிறோம். முடிந்ததும் பார்க்கிறோம்: 12-ஆம் இருக்கை மறுபடியும் காலியாகிவிட்டதா? இப்படிக் கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லும் டூப்புக்கு ஸ்டப் என்று பெயர். அடுத்த கேள்வி வேறு வகை: பணம் போகாத ஆளுக்கு 'டிக்கெட் உறுதி' என்று எஸ்எம்எஸ் போனதா? இதற்கு எஸ்எம்எஸ் சேவையின் டூப், தன்னை யாராவது கூப்பிட்டார்களா, என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கணக்கு வைத்திருக்க வேண்டும். எதிர்பார்த்தபடி கூப்பிடவில்லை என்றால் சோதனையையே சிவப்பாக்கும் இந்த டூப்தான் மாக். பேச்சுவழக்கில் எல்லாவற்றையுமே மாக் என்கிறோம். அதில் தப்பில்லை, எதைச் சோதிக்கிறோம் என்ற தெளிவு இருந்தால் போதும்.

சரி, நாலரை ரூபாய்க்கு வருவோம். கேட்வேக்கு டூப் எழுதியது நாங்கள்தான். தொகை ரூபாயில் போகும் என்று நினைத்தவர்களும் நாங்கள்தான். அந்த நினைப்பு எங்கள் புரோகிராமிலும் இருந்தது, டூப்பிலும் இருந்தது. கேள்வித்தாளையும் விடைத்தாளையும் ஒரே ஆள் எழுதியது போல, இரண்டும் ஒத்துப்போயின. டூப்புக்கு நாம் சொல்லிக்கொடுத்தது மட்டும்தான் தெரியும். நமக்கே தெரியாததை அது எப்படிச் சொல்லும்?

இதே விஷயம் வானத்தில் நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். சுமார் 40 வினாடிகளில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் அது பாதை விலகி உடைந்து வெடித்தது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும் போயின. ராக்கெட்டின் வேகத்தையும் சாய்வையும் அளந்து சொல்லும் கருவியின் மென்பொருளில் சில பகுதிகள் முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4-இலிருந்து அப்படியே வந்தவை. கிடைமட்ட வேகத்தோடு தொடர்புள்ள ஒரு எண்ணை அது 64 பிட் இடத்திலிருந்து 16 பிட் என்ற சின்ன இடத்துக்கு மாற்றும். கூட்டல், கழித்தல் குறியோடு எழுதினால் 16 பிட்டில் அடங்கும் பெரிய எண் 32,767. ஏரியன் 4-இல் அந்த எல்லையைத் தாண்ட வழியே இல்லை. ஏரியன் 5-இன் பாதையில் அந்த வேகம் மிக அதிகம். எண் தாண்டியது, கருவி நின்றது. மாற்றுக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள், அதுவும் நின்றது. அப்புறம் கருவி அனுப்பிய பிழைத்தகவலை ராக்கெட்டின் கணினி பறப்புத் தகவல் என்று நம்பி, இன்ஜின் வாய்களை முழுதாகத் திருப்பிவிட்டது.

என்னை நிறுத்திவைத்தது விசாரணை அறிக்கையின் இன்னொரு பகுதி. ஏவுவதற்கு முன் தரையில் முழு ராக்கெட்டையும் பாவனையாக ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். அதில் இந்தக் கருவி இல்லை. அதன் இடத்தில் அதன் வெளியீட்டைப் பாவனை செய்யும் ஒரு மென்பொருள் இருந்தது. நம் பாஷையில் சொன்னால் டூப். நிஜக் கருவியின் பெரும்பகுதியைச் சோதனையில் சேர்த்திருக்க முடியும், சேர்த்திருந்தால் கோளாறு வெளிப்பட்டிருக்கலாம் என்று அறிக்கை சொல்கிறது. கருவியைத் தனியாகச் சோதித்தபோதும் ஏரியன் 5-இன் பாதையை அதற்குக் கொடுத்துப் பார்க்கவில்லை. துண்டைத் தனியே பார்த்தவர்கள் பழைய பாதையோடு நின்றார்கள், முழுதாகப் பார்த்தவர்கள் டூப்போடு நின்றார்கள்.

அதற்காக டூப்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கார்டு மறுக்கப்படும்போது என்ன ஆகும் என்பதை டூப் இல்லாமல் நாங்கள் சோதித்திருக்கவே முடியாது. ஆனால் நிஜத்தோடு அதை அவ்வப்போது ஒப்பிட வேண்டும். சில பாதுகாப்புகள் கணினி மொழியோடு வரும் கருவிகளிலேயே உண்டு. பைத்தான் மொழியில் வரும் மாக், சும்மா விட்டால் எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் தலையாட்டும். 'ஆட்டோஸ்பெக்' என்ற வசதியைப் போட்டால், நிஜத்தில் இல்லாத பெயரைக் கூப்பிட்டதும் பிழை காட்டும். பெயர்ப் பிழையை அது பிடிக்கும், பைசாவைப் பிடிக்காது. பைசாவுக்கு நாங்கள் வேறு வழி செய்தோம். டூப்பிடம் எதிர்பார்க்கும் பதில்களை ஒரே தொகுப்பாக எழுதி, பகலில் டூப்பின் மேலும், இரவில் ஒருமுறை கேட்வே தரும் சோதனை சர்வரின் மேலும் ஓடவிட்டோம்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலை அந்த இரவுச் சோதனை சிவப்பாக இருந்தது. 'வெற்றி', 'மறுப்பு' என்ற இரண்டு பதில்களோடு 'நிலுவையில்' என்று மூன்றாவதாக ஒன்றையும் கேட்வே அனுப்ப ஆரம்பித்திருந்தது. டூப்புக்கு அந்த வார்த்தையே தெரியாது. மதியத்துக்குள் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகுதான், பணம் நிலுவையில் இருக்கும்போது 12-ஆம் இருக்கையை எத்தனை நிமிஷம் பிடித்துவைப்பது என்று நாங்கள் யோசித்ததே இல்லை என்பது தெரிந்தது.