மழைக்காலம் தாண்டிய சிமெண்ட்: கையால் பார்த்தால் போதுமா?

போன வருடம் மழை ஓய்ந்த சமயம், வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எவர்சில்வர் டப்பாவில் சிமெண்ட் எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். பணத் தட்டுப்பாட்டால் வேலை நான்கு மாதம் நின்றுவிட்டதாம். தகரக் கொட்டகையில் நாற்பது மூட்டை மீதம். "கட்டி தட்டியிருக்கு சார், ஆனா நசுக்கினா உடையுது. ரூஃபுக்கே போடலாம்னு மேஸ்திரி சொல்றார். எனக்குத்தான் மனசு ஒப்பலை" என்றார்.

மேஸ்திரி சொன்னதில் பாதி சரி. அடுக்கின் பாரத்தில் அடி மூட்டைகள் இறுகும். அந்தக் கட்டி விரலில் பொடிந்துவிடும், கெடுதல் இல்லை. ஈரம் பட்டு இறுகிய கட்டி பொடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது, அதுதான் ஆபத்து. காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்து, துகள்களின் மேற்புறம் மட்டும் வினைபுரிந்துவிட்ட சிமெண்ட் பார்க்க நன்றாகவே இருக்கும். மூட்டைக்குள் கைவிட்டுப் பார்ப்பது, தண்ணீரில் தூவி மிதக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் வெளிப்படையான கோளாறைத்தான் காட்டும். வலு எவ்வளவு என்று கை சொல்லாது.

அதற்கு ஐ.எஸ். 4031 என்ற இந்தியத் தர நிர்ணயத்தில் வழி இருக்கிறது. முதலில், குழைத்த சிமெண்டில் ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று காட்டும் விகாட் கருவியில் அந்த சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்று பார்ப்போம். அந்த அளவை வைத்துத்தான் மற்ற சோதனைகள். இறுக ஆரம்பிக்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. 600 நிமிடத்துக்குள் முழுதாக இறுகியிருக்க வேண்டும்.

அப்புறம்தான் முக்கியமான சோதனை. 200 கிராம் சிமெண்ட், 600 கிராம் மணல் சேர்த்து, பக்கம் 70.6 மி.மீ. உள்ள கனசதுரங்களாக வார்க்கிறோம். அந்த மணல் நம் எண்ணூர் மணல். இந்தியாவில் எந்த மூலையில் சிமெண்டைச் சோதித்தாலும், மூன்று பருமன்களில் சலித்துச் சம அளவில் சேர்த்த இந்த மணலைத்தான் பயன்படுத்த வேண்டும். மணல் மாறினால் முடிவு மாறிவிடும், ஒன்றோடு ஒன்றை ஒப்பிடவே முடியாது. ஒரு நாள் கழித்து அச்சிலிருந்து எடுத்து, 27 டிகிரி வெப்பத்தில் தண்ணீருக்குள் வைத்து, 3, 7, 28-ஆம் நாட்களில் மும்மூன்றாக உடைத்துப் பார்ப்போம்.

53 கிரேடு சிமெண்ட் இந்த மூன்று நாட்களிலும் ஒரு சதுர மி.மீ.க்குக் குறைந்தது 27, 37, 53 நியூட்டன் தாங்க வேண்டும். நிலக்கரிச் சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 16, 22, 33. அவர் கொண்டுவந்தது பி.பி.சி. மூன்றாம் நாள் சராசரி 9 வந்தது, ஏழாம் நாள் 14. இறுகும் நேரத்தில் தேறிய சிமெண்ட்தான் இது! ரூஃபுக்கும் தூணுக்கும் இதைத் தொடவே வேண்டாம், தரைக்கடியில் போடும் மட்டக் காங்கிரீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

சோதனைக்குக் கொண்டுவரும் விதத்திலும் பலர் தவறுகிறார்கள். பிரித்துப் போட்ட ஒரே மூட்டையின் மேல்பகுதியிலிருந்து அள்ளி, பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டு எடுத்துவந்தால், அந்தப் பையில் இருக்கும் சிமெண்டைப் பற்றி மட்டும்தான் எங்களால் சொல்ல முடியும். பல மூட்டைகளின் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து நன்றாகக் கலந்து, காற்றுப் புகாத டின்னில் விளிம்புவரை நிரப்புங்கள். மூட்டையில் அச்சிட்ட தயாரிப்பு வாரத்தையும் வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள். மூட்டையாக மூன்று மாதத்துக்கு மேல் கிடந்திருந்தால் சோதிக்காமல் பயன்படுத்தாதீர்கள். ஆய்வகங்களின் தகுதியைப் பரிசோதித்துச் சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் ஆய்வகத்துக்கு இருக்கிறதா, அதில் சிமெண்ட் சோதனையும் அடங்குமா என்று தயங்காமல் கேளுங்கள்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். காங்கிரீட் வலுவில்லை என்று எங்களிடம் வருகிறவர்களில் பலருடைய சிமெண்ட் தேறிவிடும். கலவை இளக வேண்டுமென்று ஊற்றிய கூடுதல் தண்ணீரும், போட்ட காங்கிரீட்டை நனைத்து வைக்கும் நீராட்டலை (க்யூரிங்) இரண்டே நாளில் நிறுத்தியதும்தான் வலுவைத் தின்றிருக்கும்.

அவர் ரூஃபுக்குப் புது மூட்டைகள் வாங்கினார். காங்கிரீட் போடுவதற்குப் பத்து நாள் முன்பே அதிலிருந்தும் ஒரு டின் கொண்டுவந்து கொடுத்தார். ஏழாம் நாள் முடிவைப் பார்த்த பிறகுதான் மேஸ்திரிக்குத் தேதி சொன்னார்.